சொந்தமாகக் கட்டிய சிறு விமானம்: புரொப்பெல்லர் ‘பிட்ச்’ சரிசெய்வது எப்படி?

தெலுக் பங்லிமா காராங், கேரித் தீவு பகுதியில் படகு வைத்திருப்பவர்களுக்கு ‘பிட்ச்’ என்ற சொல் புதிதல்ல. புரொப்பெல்லர் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறக்கூடும் என்பதை அது குறிக்கிறது. சொந்தமாகக் கட்டப்படும் சிறு விமானங்களிலும் இதே கணக்குதான். ஆனால் படகில் அது தவறினால் எரிபொருள் வீணாகும். விமானத்தில் தவறினால் ஓடுபாதை முடிவதற்குள் மேலெழும்ப முடியாமல் போகலாம்.

இதழ்களின் சாய்வுக் கோணம் குறைந்தால் இயந்திரம் வேகமாகச் சுழலும். புறப்பாடும் ஏற்றமும் எளிதாகும். கோணம் கூடினால் சுழற்சி குறைந்து, சீராகப் பறக்கும்போது வேகம் கிடைக்கும். மோட்டார் சைக்கிளின் முதல் கியரையும் கடைசி கியரையும் போன்றது இது. சில விமானங்களில் பறக்கும்போதே கோணம் மாறும். 1940-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களில் தானே கோணத்தை மாற்றிக்கொள்ளும் புரொப்பெல்லர் பொருத்தப்பட்டதும் அவற்றின் ஏறும் திறன் கூடியது. எடையும் விலையும் கருதி, சொந்தமாகக் கட்டுவோர் பலர் தரையில் மட்டும் சரிசெய்யக்கூடிய வகையையே தேர்ந்தெடுக்கின்றனர். அதில் புறப்பாட்டுக்கும் பயணத்துக்கும் ஒரே கோணம்தான்.

எந்தக் கோணம் என்பதில் நம் நாட்டு வெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. விமானக் கணக்குகள் கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியசை அடிப்படையாகக் கொண்டவை. பிற்பகலில் 33 பாகை என்றால் காற்று இலேசாகி, கடல் மட்ட ஓடுபாதையும் ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். இயந்திர ஆற்றலும் புரொப்பெல்லரின் இழுவையும் குறையும். ஓடுபாதை முனையில் செம்பனை மரங்கள் நின்றால், வேகத்தைவிட ஏற்றத்துக்கே முதலிடம் தர வேண்டும்.

சரிசெய்யும் முறை:

1. இக்னிஷன் சுவிட்சுகளை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும்.

2. ஓர் இதழைக் கிடைமட்டமாக நிறுத்தி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடத்தில் கோணமானியை வைத்து அளக்க வேண்டும். இதழ் முறுக்கிய வடிவம் கொண்டது. இடம் மாறினால் கோணமும் மாறும். மற்ற இதழ்களையும் அதே நிலைக்குத் திருப்பி அளக்க வேண்டும்.

3. சிறிது சிறிதாகவே மாற்ற வேண்டும். ஒரு பாகை மாற்றினாலே இயந்திரச் சுழற்சி நூற்றுக்கணக்கில் மாறலாம். இதழ்களுக்கிடையே கோணம் வேறுபட்டால் அதிர்வு உண்டாகும்.

4. போல்ட்டுகளை டார்க் ரெஞ்சு கொண்டு, குறிப்பிட்ட அளவுக்கு முறுக்கியபின் மீண்டும் அளக்க வேண்டும். முறுக்கும்போது கோணம் நகரக்கூடும்.

5. விமானத்தை உறுதியாகக் கட்டி, இயந்திரத்தை முழு விசையில் இயக்கி, சுழற்சியைக் குறிக்க வேண்டும். புரொப்பெல்லரின் முன்னாலும் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது.

பரவலாகப் பயன்படும் 100 குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 5,800 சுற்றுகளே உச்சம். அதுவும் 5 நிமிடங்களுக்கு மட்டும். தொடர்ந்து இயக்க 5,500 வரம்பு. முழு விசையில் 5,200-ஐ எட்டவில்லை என்றால் கோணம் அதிகம், இயந்திரம் திணறுகிறது. தரையிலேயே 5,800-ஐத் தொட்டால் கோணம் குறைவு. பறக்கும்போது சுழற்சி இன்னும் ஏறி, வரம்பைக் கடக்கும்.

காலைக் குளிர்ச்சியில் சரியாகத் தோன்றும் கோணத்தைப் பிற்பகல் வெப்பத்திலும் சோதிப்பது அவசியம். கோணம், வெப்பநிலை, சுழற்சி மூன்றையும் பராமரிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். இத்தகைய விமானத்தைப் பறக்கவிட மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. கோணம் மாற்றியபின், தகுதிபெற்ற பொறியாளரிடம் காட்டிய பிறகே, பயணியின்றி விமானி மட்டும் முதல் சோதனைப் பறப்பை மேற்கொள்வது பாதுகாப்பானது.