தாய்வழித் தடங்கள் – 14: தலைக்காவிரிச் சரிவின் தாய்மார்கள்

பெங்களூரில் குழாயைத் திறந்தால் வருவது காவிரி. 1974-இல் முதல் கட்டக் குடிநீர்த் திட்டம் முடிந்ததிலிருந்து, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொரேகாடனஹள்ளியிலிருந்து அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றித்தான் இந்த நகரத்துக்குத் தண்ணீர் தருகிறார்கள். இந்த வாரம் அந்த ஆற்றை எதிர்த்து, குடகு மலை வரை போகவேண்டியிருக்கிறது. தலைக்காவிரி, பாகமண்டலம் பக்கத்து மலைச்சரிவுகளிலும், மலைக்கு அந்தப் புறம் தென் கன்னட மாவட்டத்தின் ஓரங்களிலும் ஒரு சிறு சமூகம் வாழ்கிறது. மேலக்குடியர் என்று பெயர். கர்நாடகத்தின் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். தேனும் காட்டு விளைபொருளும் சேகரித்து வாழ்ந்தவர்கள். இப்போது பலர் காபி, ஏலக்காய்த் தோட்டங்களில் கூலிக்குப் போகிறார்கள். பேசுவது திராவிடக் குடும்பத்துப் பேச்சு. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு, இந்த மண்ணை விட்டு எக்காலத்திலும் நகராத மக்கள் என்றே தோன்றும்.

2018-இல் 'ஜெனெடிகா' என்ற அறிவியல் இதழில் இவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. செய்தவர்கள் மைசூரில் இருக்கும் இந்திய மானிடவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தையும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள். சார்லஸ் சில்வெஸ்டர், ஆதிமூலம் சந்திரசேகர் ஆகியோர் அவர்களில் இருவர். 113 மேலக்குடியரின் தாய்வழி டி.என்.ஏ.வை முழுமையாகப் படித்தார்கள். அவர்களில் 46 பேரிடம் இருந்தவை மேற்கு யூரேசியக் கிளைகள். ஒன்று யு7. மற்றொன்று எச்.வி.14. இந்த இரண்டாவதுதான் இந்த வாரக் கதை.

தொடரை இடையிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. அது அம்மாவிடமிருந்து மட்டும் வருகிறது. மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவன் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. மகள் கொடுப்பாள். வளையம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஒரு தாய்வழியில் சராசரியாக 3,500 ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்கு ஒருமுறை ஓர் எழுத்து மாறி நிலைக்கிறது. அந்த மாற்றங்களை வைத்துத்தான் கிளைகளைப் பிரிக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் எல்3 கிளையிலிருந்து எம், என் என இரண்டு பெருங்கிளைகள் வெளியுலகுக்கு வந்தன. இந்தியர்களில் பாதிக்கும் மேலானவர்கள் எம் கிளைப் பிள்ளைகள். என் கிளையில் பிறந்த ஆர், அதில் பிறந்தவை யு-வும் எச்.வி.யும். ஐரோப்பாவில் மிகுதியாகக் காணப்படும் எச் கிளை, எச்.வி.யின் மகள்.

ஆக, எச்.வி. என்பது மேற்காசியப் பக்கத்துக் குடும்பம். தென்னிந்தியக் காட்டுச் சமூகம் ஒன்றில் யாரும் எதிர்பார்த்துத் தேடும் கிளை அன்று. மேலக்குடியரிடம் அது வெறும் விருந்தாளியாகவும் இல்லை. இங்கே இருந்தபடியே புதிய சிறுகிளைகள் விட்டிருக்கிறது: எச்.வி.14ஏ1பி, அதிலிருந்து எச்.வி.14ஏ1பி1 என்று அதுவரை பெயரிடப்படாத இரண்டு உட்கிளைகளை ஆய்வாளர்கள் கண்டார்கள். சொந்தக்காரக் கிளைகளைத் தேடிப் போனபோது தடம் ஈரானியப் பீடபூமிக்கும், தென் காகசஸுக்கும், மத்திய ஆசியாவுக்கும் சென்றது. யு7 அப்படியல்ல. ஈரானிலும் குஜராத்திலும் அது சாதாரணமாகக் கிடைக்கிற கிளை. மேலக்குடியரிடம் இருக்கும் அதன் உட்பிரிவும் இந்தியாவுக்கே உரியது.

அரிய கிளை என்று சொல்கிறோமே, அது எங்கே அரிது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதே மானிடவியல் மதிப்பாய்வகம் 2009-இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. இந்தியாவின் 26 தொல்குடிச் சமூகங்களைச் சேர்ந்த 966 பேரின் தாய்வழி டி.என்.ஏ.வை முழுதாகப் படித்ததில், ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்கே உரியது என்று கருதப்பட்ட எம்42 கிளையோடு உறவுள்ளவர்கள் ஏழே பேர் கிடைத்தார்கள். 966-இல் ஏழு. அதை அரிது என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். மேலக்குடியரிடமோ எச்.வி.14-உம் யு7-உம் சேர்ந்து 113-இல் 46, ஐந்தில் இருவர். மேற்கு யூரேசியக் கிளைகள் ஒரு மலைச்சரிவில் இவ்வளவு பேரிடம் எப்படி வந்தன?

பெருங்கூட்டம் ஒன்று இடம்பெயர்ந்து வந்திருக்க வேண்டும் என்பதுதான் உடனே மனதில் எழும் பதில். தேவையில்லை. ஒரு கிளைக்கு ஒரே ஒரு பெண் வந்திருந்தாலும் போதும். இருபது முப்பது குடும்பங்கள் மட்டுமே உள்ள ஒரு குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பெண் கொடுப்பதும் எடுப்பதும் குறைவு. ஒருத்திக்கு நான்கு மகள்கள், அந்த மகள்களுக்கும் மகள்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிறந்தது எல்லாம் ஆண் பிள்ளைகள். அவளுடைய தாய்வழி அவளோடு முடிந்தது. பேரன் பேத்திகள் இருப்பார்கள், அவள் சாயல் இருக்கும், அந்த வளையம் மட்டும் இருக்காது. ஒரு கொள்ளைநோய் வருகிறது, மூன்று குடும்பங்கள் அழிகின்றன. நூறு தலைமுறைக்குப் பிறகு பார்த்தால், யாரோ ஒரு பாட்டியின் வழி பாதி ஊருக்கு வந்திருக்கும். அவள் மற்றவர்களைவிட வலிமையானவள் என்பதற்காக இல்லை, நேர்ந்தது அப்படி. ஆர்ய வைசியர்களிடையே, மயக்க மருந்தோடு தரப்படும் சில தசைத்தளர்த்தி மருந்துகளை உடல் விரைவில் சிதைக்க முடியாத ஒரு நொதிக்குறை மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதற்கும் இதே காரணத்தைத்தான் மரபியலாளர்கள் சொல்கிறார்கள்: தொடக்கத்தில் இருந்த சிலர், பிறகு நெடுங்காலம் உள்ளுக்குள்ளேயே மணம். அது தாய்வழியில் மட்டும் வருவது அன்று. ஆனால் இயங்கும் விதம் ஒன்றே.

ஒரு தாய்வழிக் கிளை இந்தியாவில் அரிதாக இருப்பதே சாட்சியாக நின்ற இன்னொரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும். ஜார்ஜியாவின் கக்கேத்தி நாட்டு அரசி கெத்தேவான், பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸிடம் சிறைப்பட்டார். மதம் மாற மறுத்ததால் 1624-இல் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அங்கிருந்த போர்ச்சுகீசிய அகுஸ்தீனியத் துறவிகள் அவருடைய எலும்புகளை ரகசியமாக எடுத்து வைத்தார்கள். அவற்றில் ஒரு பகுதி கோவாவின் புனித அகுஸ்தீனார் மடத்துக்கு வந்தது. எந்தச் சன்னலுக்கு அருகே வைத்தார்கள் என்பது வரை போர்ச்சுகீசியக் குறிப்பு இருந்தது. ஆனால் மடம் 1835-இல் கைவிடப்பட்டது, சில ஆண்டுகளில் கூரை இடிந்து விழுந்தது. இடிபாடுகளுக்கு நடுவில் சன்னல் எங்கே, பெட்டி எங்கே? 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது ஒரு கை எலும்பு கிடைத்தது. ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜும் நீரஜ் ராயும் அதிலிருந்து தாய்வழி டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். கிளை யு1பி. இந்தியாவில் காணப்படாதது, ஜார்ஜியாவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் இருப்பது. ஆவணம், தோண்டிய இடம், மரபணு மூன்றும் ஒன்றாகப் பேசின. பெரும்பாலும் அது கெத்தேவானின் எலும்பே என்ற முடிவுக்கு வந்தார்கள். 2021 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அதன் ஒரு பகுதியை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தார்.

காகசஸ் பக்கத்துத் தாய்வழி ஒன்று மேற்குக் கரைக்கு வந்த கதை, ஆண்டும் வழியும் தெரிந்து, நமக்கு இப்படிக் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த அரசி எலும்பாக வந்தார். இங்கே அவருக்கு வாரிசு இல்லை. குடகுக்கு எச்.வி.14-ஐக் கொண்டுவந்தவளுக்குப் பெயர் இல்லை, ஓலை இல்லை, கல்வெட்டு இல்லை. இருப்பது பிள்ளைகள் மட்டும். எனக்கு இரண்டாமவள்தான் பெரிய வரலாறாகத் தெரிகிறாள்.

அவள் எப்போது வந்தாள்? 2018 ஆய்வு எச்.வி.14 கிளையின் வயதை 16,100 ஆண்டுகள் என்று கணித்தது. கூடவோ குறையவோ 4,300 ஆண்டுகள். அதாவது 11,800-க்கும் 20,400-க்கும் இடையில் எங்கேயோ. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்பது முன்னால் சொன்ன கணக்கைப் போட்டாலே விளங்கும்: பதினாறாயிரம் ஆண்டுகளில் ஒரு வழியில் சேர்வது நான்கைந்து எழுத்து மாற்றங்கள்தாம். அதில் ஒன்று முன்னே பின்னே போனாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நகர்ந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் செய்திகள் அடிக்கடி விட்டுவிடுகின்றன. ஒரு கிளையின் வயது என்பது அந்தக் கிளையினர் எல்லாருக்கும் பொதுவான பாட்டி வாழ்ந்த காலம். அவளுடைய பேத்திகளில் ஒருத்தி எந்த நாட்டுக்கு எப்போது நடந்து வந்தாள் என்பது வேறு கேள்வி. பாட்டி பதினாறாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈரானில் இருந்திருக்கலாம். பேத்தி பத்தாயிரம் ஆண்டுகள் கழித்துக் கிளம்பியிருக்கலாம். மேர்கர் பகுதியில் கோதுமையும் பார்லியும் விளையத் தொடங்கிய காலத்தில், ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன், சிந்துவெளியோரம் வரை வந்து தங்கிய குடும்பத்தவளாக இருக்கலாம். வட கர்நாடகத்தில் சாம்பல் மேடுகளை விட்டுச்சென்ற கால்நடை மேய்ப்பவர்களோடு, 5,000 ஆண்டுகளுக்கு முன் தெற்கே இறங்கியவளாகவும் இருக்கலாம். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு புதிய கற்காலத் தொடர்ச்சியைப் பேசுகிறது. அந்தத் தொடர்ச்சிக்கு இடமிருக்கிறது. முடிவாகச் சொல்ல இந்த ஒரு வளையம் போதாது.

ராகிகடியை நினைவுபடுத்திக்கொள்வோம். அரியானாவின் அந்தச் சிந்துவெளி நகரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளை முயன்று பார்த்து, ஒரே ஒரு பெண்ணின் மரபணுத்தொகுதிதான் படிக்கக் கிடைத்தது. 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி அவளுடைய முன்னோரில் பெரும்பங்கு பழைய ஈரானியரோடு உறவுள்ளவர்கள். ஆனால் அந்த உறவு ஈரானில் வேளாண்மை தோன்றுவதற்கு முன்பே பிரிந்துவிட்டது. அவளுடைய தாய்வழியோ யு2பி2, தெற்காசியாவில் வேர்கொண்ட கிளை. முழு மரபணு ஒரு திசையைக் காட்ட, தாய்வழி இன்னொரு திசையைக் காட்டியது. பத்துத் தலைமுறைக்கு முன்னே போனால் நமக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. தாய்வழி டி.என்.ஏ. அதில் ஒரே ஒருத்தியைப் பற்றிப் பேசுகிறது. பதினாறாயிரம் ஆண்டு என்றால் அறுநூறு தலைமுறைக்கு மேல்.

அதனால்தான், மேலக்குடியர் ஈரானிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு வரியில் எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. மற்ற 67 பேர் எங்கே போனார்கள்? அவர்களும் அதே மலையின் பிள்ளைகள், அதே 46 பேரின் மாமன் மச்சான், அத்தை மகள். இந்தச் சமூகத்தைப் பற்றி ஆய்வு சொல்வது வேறு. காட்டுக்குள் ஒதுங்கி, வெளியுலகம் தெரியாமல் இருந்தவர்கள் என்று நாம் எழுதி வைத்திருக்கும் மக்கள், தொலைதூர உறவு ஒன்றைச் சுமந்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மூடிய கதவாக இருந்ததில்லை. யாரோ ஒருத்தி வந்தபோது அங்கிருந்தவர்கள் அவளுக்கு இடம் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், அவள் பேத்திகள் அந்த மலையின் மொழியைப் பேசினார்கள். ஈரானின் ஈலம் மொழியையும் திராவிடத்தையும் இணைத்துப் பார்த்த டேவிட் மெக்ஆல்பினின் கருதுகோளுக்கு இதை ஆதாரமாக்குகிறவர்களும் உண்டு. மொழி வளையத்தில் ஏறி வருவதில்லை. அந்த வழக்கை மொழியியலார்தாம் தீர்க்க வேண்டும்.

மீண்டும் பெங்களூருக்கு வருவோம். 2020-இல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டத்தை ஒருங்கிணைத்தது இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம். இருபது நிறுவனங்கள் சேர்ந்து, நாடெங்கும் 10,000 பேரின் முழு மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். 2025 ஜனவரியில் அந்தத் தரவு ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு வளையத்துக்குப் பதில் முழு மரபணு கையில் இருந்தால், ஒரு சமூகத்தில் எந்தக் கலப்பு எத்தனை தலைமுறைக்கு முன் நேர்ந்தது என்பதைக் கணக்கிட முடியும். ஆனால் நூற்று நாற்பது கோடிப் பேரில் பத்தாயிரம் என்றால், குடகு மலையின் ஒரு சிறு சமூகத்துக்கு அதில் எவ்வளவு இடம் இருக்கும்? இவர்களைப் போன்றவர்களிடம் மைசூர்க்காரர்கள் செய்ததுபோல ஊர் ஊராகப் போய், சம்மதம் கேட்டு, பொறுமையாகச் செய்யும் வேலைக்கு மாற்று இல்லை. கண்டதை அவர்கள் மொழியில் அவர்களுக்கே திருப்பிச் சொல்வதையும் அந்த வேலையின் பகுதியாக்க வேண்டும் என்பது என் கட்சி.

எச்.வி.14 எப்போது வந்தது என்பதற்கு நேரடி விடை தரக்கூடியது பழைய எலும்பு ஒன்றுதான். குடகில் கற்திட்டைகள் உண்டு. ஆனால் கொட்டும் மழையும் அமில மண்ணும் எலும்பை விட்டுவைப்பதில்லை, வெப்பம் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும். தெற்கே இந்தத் தடைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இடம் வைகைக் கரையில் இருக்கிறது: கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தாழிகளுக்குள் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் படிக்கிறார்கள். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)