தொண்டையில் போன குரலும் மூளையில் போன சொல்லும்

1967 ஜனவரி 12. எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குரல் மாறிவிட்டது. அந்தக் குரலிலேயே நடித்தார், மேடையேறினார், 1977-இல் முதலமைச்சரும் ஆனார்.

1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறுக்காக சென்னை மருத்துவமனையில் இருந்தபோது அவரைப் பக்கவாதம் தாக்கியது. நியூயார்க்கில் சிகிச்சை பெற்றுத் திரும்பி மீண்டும் பதவியேற்றார். ஆனால், 1987 டிசம்பர் 24-இல் மறையும் வரை பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை.

முதல் முறை அடிபட்டது தொண்டை. இரண்டாம் முறை மூளை. பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்பதை 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா காட்டினார். ஒரே அசையை மட்டுமே சொல்ல முடிந்த ஒரு நோயாளி இறந்த பின், அவரது மூளையின் இடப்புற முன்பகுதி சிதைந்திருந்ததைக் கண்டார்.

பெரும்பாலோருக்கு இடப்பக்க மூளை பாதித்தால் வலது கை கால் விழும், பேச்சும் தடுமாறும். வலப்பக்கம் பாதித்தால் இடது கை கால் விழும். சிலர் தட்டில் இடப்பக்கம் இருக்கும் சோற்றைக்கூட கவனிக்க மாட்டார்கள்.

பக்கவாதம் இரு வகை. இரத்தக் குழாய் அடைபடுவது ஒன்று. வெடித்துக் கசிவது மற்றொன்று. அடைப்பே அதிகம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்ட பின்னரே, உயிரோடு இருப்பவரிடம் இரண்டையும் நம்பகமாகப் பிரித்தறியும் வழி பிறந்தது.

ஏன் பிரித்தறிய வேண்டும்? அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்துக்கு 1996-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அதையே கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து!

இரு வகைக்கும் முக்கியக் காரணம் இரத்தக் கொதிப்பு. 2011-இல் சிகாமட் மாவட்டத்தில் தொடங்கிய மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மக்கள் நல ஆய்வு, வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் அளந்தது. கொதிப்பு சத்தமில்லாமல் இருக்கும்; அளந்தால்தான் தெரியும்.

வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ “எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும்” என்று காத்திருக்க வேண்டாம். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் அது எச்சரிக்கையே. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.