நான்கு ஆசனக் கணக்கு: திருகோணமலையில் இடதுசாரிச் சிறு கட்சிகள் ஏன் வெல்வதில்லை?

திருகோணமலை நகரின் லிங்கநகரில், வீட்டுப் படலைகளில் இடதுசாரிச் சிறு கட்சி நீட்டும் துண்டுப்பிரசுரத்தை வாங்க மறுப்பவர் குறைவு. காணி, சம்பளம், விலைவாசி பற்றி அது சொல்வதோடு பலருக்கு உடன்பாடுதான். ஆனால் வாக்களிக்கும் நாளில், "வோட்டைப் பிரிச்சா சீட்டுப் போயிடும்" என்ற எண்ணமே முந்துகிறது. இதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. தேர்தல் முறையும் வரலாறும் மக்களுக்குக் கற்பித்த கணக்கு இது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருகோணமலை மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் 4 ஆசனங்கள். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒன்று மேலதிகமாகச் சேரும். எஞ்சிய மூன்றே வாக்கு விகிதப்படி பங்கிடப்படும். 5 வீதத்துக்குக் குறைந்த கட்சிகள் பங்கீட்டுக்கு முன்பே விலக்கப்படும். 200,000 செல்லுபடியான வாக்குகள் எனக் கொண்டால், 9,900 பெற்ற கட்சியின் வாக்குகள் கணக்கிலேயே வராது. 12,000 பெற்ற கட்சி எல்லையைத் தாண்டினாலும், மூன்று ஆசனப் பங்கீட்டில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. விகிதாசாரம் என்பது இங்கே பெயரளவில்தான்.

எந்த இனமும் தனிப்பெரும்பான்மை பெறாத மாவட்டம் இது. எனவே ஓர் ஆசனம் என்பது ஒரு சமூகத்தின் குரலாகவே பார்க்கப்படுகிறது. 2000 பொதுத் தேர்தலில் தமிழ்த் தலைவர் இரா. சம்பந்தன் இங்கே தோற்றார், 2001இல் தமிழ்க் கட்சிகள் இணைந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானபின் வென்றார். ஒன்றுபட்டால்தான் ஆசனம் என்ற பாடம் அப்போது ஆழப் பதிந்தது.

முறை மட்டுமே காரணம் என்றால் 2024 பொதுத் தேர்தல் முடிவு எப்படி நிகழ்ந்தது? 2020இல் நாடளாவிய ரீதியில் 3.84 வீதமே பெற்ற, மக்கள் விடுதலை முன்னணி தலைமையிலான இடதுசாரிக் கூட்டணியான தேசிய மக்கள் சக்தி, 2024இல் 61.56 வீதம் பெற்றது. திருகோணமலையில் இரண்டு ஆசனங்களை வென்றது. தேர்தல் விதி மாறவில்லை. 2022 பொருளாதார வீழ்ச்சியும் ஜனாதிபதித் தேர்தல் வெற்றியும் 'இவர்கள் வெல்லக்கூடியவர்கள்' என்ற நம்பிக்கையைத் தந்தன. அதே தேர்தலில், கூட்டமைப்பின் முதன்மைக் கட்சியாக இருந்த தமிழரசுக் கட்சியும் ஓர் ஆசனத்தைக் காத்துக்கொண்டது என்பதால், பழைய கணக்கு முற்றாக அழிந்துவிடவில்லை.

இடதுசாரிகளின் சொந்தக் கடனும் உண்டு. 1956இல் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளுக்கும் சம உரிமை கோரிய சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாவே, சிங்களத்தை அரசகரும மொழியாக நிலைநிறுத்திய 1972 அரசியலமைப்பின் சிற்பியானார். 2006இல் மக்கள் விடுதலை முன்னணியினர் தொடுத்த வழக்கே வடக்கு–கிழக்கு இணைப்பை முறித்தது. வர்க்கம் பேசிய கட்சிகள் இனப்பிரச்சினையில் பின்வாங்கியபோது, தமிழ் வாக்காளர் அதைக் குறித்துக்கொண்டனர்.

ஆகவே சிறு கட்சி தொடங்க வேண்டிய இடம் உள்ளூராட்சி. 60 வீத உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்து தெரிவாகும் இன்றைய முறையில், சமூகத்தின் நாடாளுமன்றக் குரலை இழக்கும் அச்சம் அங்கே எழுவதில்லை. வடிகாலும் குப்பையும் தெருவிளக்கும் பேசி, செய்து காட்டி, நம்பிக்கையைச் சேர்க்கலாம். 2012க்குப் பின் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடக்காததால், உள்ளூராட்சியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு ஏறும் நடுப்படி உடைந்துகிடக்கிறது. அதை மீட்கப் போராடுவதும், மொழியையும் காணியையும் தன் முதற்கடமையாக ஏற்பதும் முற்போக்குக் கட்சியின் வேலை. 'வாக்கைப் பிரிக்கிறவர்கள்' என்ற பெயர் அப்போதுதான் அகலும்.