மகளுக்குக் கொடுத்த வீடு



மனிதனுக்கு அவனது வீட்டை அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்ததை, தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹுத்தஆலா அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில் எடுத்துக் கூறுகின்றான். பள்ளிவாசல்களின் வரலாற்றையும் இறைநேசர்களின் வரலாற்றையும் எழுதி வைத்த நம் முன்னோர், தாம் பிறந்து வளர்ந்த வீடுகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அதனாலேயோ என்னவோ, பழைய வீடு என்றதும் மனையின் விலையும் மரத்தின் விலையும் மட்டுமே நமக்கு நினைவில் எழுகின்றன. அவ்வீடுகளில் வேறு என்ன இருக்கின்றது என்பதைக் காயல்பட்டினத்துக் குடும்ப வீடுகளைக் கொண்டு இங்கே எழுத விழைகிறேன்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் இருந்த காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே வந்த மார்க்கோபோலோ குறித்துள்ளார். அத்துறைமுகம் இன்றைய பழையகாயலே என்பது கால்டுவெல்லின் கருத்து. துறைமுகம் மண்மூடிப் போனது. கடல் வாணிபம் போகவில்லை. இரத்தினக்கல் வாணிபத்திற்காகக் காயல் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்குச் சென்று வந்தனர். ஆண்கள் சஃபரில் இருக்க, ஊரில் நிலைத்திருந்தவர்கள் பெண்கள். வீடும் அவர்களைச் சுற்றியே அமைந்தது.

அங்கே திருமணமானால் பெண் புகுந்த வீடு செல்வதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீடு கொடுப்பது தந்தையின் பொறுப்பு. மகள்கள் பலர் இருந்தால் இருக்கும் வீட்டைப் பகுத்தோ புதிதாகக் கட்டியோ கொடுப்பர். கீழக்கரையிலும், கடல் கடந்து இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காத்தான்குடி, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் இவ்வழக்கம் உண்டு. காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து, கீழக்கரையில் தைக்கா சாஹிபு (ரஹ்) அவர்களின் மகளை மணந்து அங்கேயே தங்கிக் கல்விப் பணியாற்றி, 1898இல் மறைந்த செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்களை மக்கள் இன்றளவும் 'மாப்பிள்ளை லெப்பை ஆலிம்' என்றே அழைக்கின்றனர். அரபுத்தமிழில் பெரும் நூல்களைத் தந்த ஒரு மேதையின் பெயரிலேயே, அவர் ஒரு வீட்டுக்கு மருமகனாக வந்தவர் என்ற செய்தி நிலைத்துவிட்டது.

இவ்வழக்கத்தைக் கட்டடத்திலேயே காணலாம். மனை அகலம் குறைந்து நீளம் மிகுந்தது. தெருவோரத் திண்ணையும் முன்கட்டும் வந்து போகும் ஆண்களுக்கு உரியவை. உள்ளே செல்லச் செல்ல வீடு பெண்களுடையதாகிவிடும். அனுமதி கேட்டு ஸலாம் கூறாமல் பிறர் வீட்டில் நுழையக் கூடாது என்ற இறைக்கட்டளையை அறிந்தவருக்கு இந்த அமைப்பின் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. வீடுகளுக்கு இடையே 'முடுக்கு' எனப்படும் ஒடுங்கிய சந்துகள் உள்ளன. தாய் வீடு, பெரியம்மா வீடு, பெண்கள் தைக்கா எங்கும் பெண்கள் பெருந்தெருவைத் தொடாமலே இவ்வழியாகச் சென்று வருவர். அதனால் ஒரு வீட்டை இடித்துச் சுவரை நகர்த்திக் கட்டும்போது பாதிக்கப்படுவது அந்த வீடு மட்டுமன்று, பக்கத்திலுள்ள பல வீடுகளின் வழியும்தான்.

சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர்கள் கோடையிலும் குளிர்ச்சி தருபவை. மன்னார் வளைகுடாக் கரையூர்களில் பவளப்பாறைக் கல்லும் கட்டுமானத்திற்குப் பயன்பட்டது. 2001 முதல் பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ஆகவே அக்கல்லால் கட்டிய சுவர் ஒன்று இடிந்தால், அதே கல்லைக் கொண்டு மீண்டும் எழுப்ப இயலாது.

இவ்வளவு சொன்ன நான் இவ்வழக்கத்தின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. வட மலபாரின் தறவாடு தாய்வழிக் குடும்பம் முழுமைக்கும் பொதுவான சொத்து. காயல் வீடு அப்படியன்று. தந்தை உயிரோடிருக்கும்போதே மகளுக்கு அளிக்கும் ஹிபா, அதாவது அன்பளிப்பு. கைவசம் ஒப்படைக்கப்பட்டால் ஹிபா செல்லும். (தந்தையும் அதே வீட்டில் தொடர்ந்து வசிக்கும்போது ஒப்படைப்பு எப்போது நிறைவேறியது என்று ஃபிக்ஹு படித்தவர்கள் கேட்பார்கள், அது தனிக் கட்டுரைக்குரியது.) எனினும் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்தம் தந்தை மட்டும் தனியே ஒன்றை அளித்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் வினவிய செய்தியை நாம் அறிவோம். மகன்களுக்கு வீட்டில் பங்கில்லாமல் போவதும், வீடு கொடுக்க வசதியற்ற தந்தையின் மகள் திருமணமின்றிக் காத்திருப்பதும் மரபின் பெயரால் நியாயமாகிவிடாது. அந்தச் சுமையைக் குறைக்க வேண்டும் என்றே நானும் மிம்பரில் பேசி வருகிறேன். ஆனால் வழக்கத்தின் குறைக்காகச் சுவரைத் தண்டிக்க வேண்டுமா?

சுவரோடு போகக்கூடியவை வேறும் உள்ளன. நான் இமாமாகப் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில், வீட்டை இடித்துக் கட்டவிருந்த ஒரு குடும்பத்தார் பழைய கிதாபுகள் நிறைந்த இரண்டு சாக்குகளை என்னிடம் ஒப்படைத்தனர். இறைவசனங்கள் உள்ள தாள்கள் காலடியில் படலாகாது என்னும் பேணுதலால், ஆற்றில் விட்டுவிடுமாறு வேண்டினர். ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அரபுத்தமிழில் எழுதிய கடிதம். கொழும்பிலிருந்து ஒருவர் தம் மனைவிக்கு எழுதியது. நான்கு வரி படித்தேன். பிறர் குடும்பச் செய்தி என்று மடித்து வைத்து, சாக்கின் வாயைக் கட்டி, அன்று மாலையே ஆற்றில் விட்டேன். இறைவசனம் எது, கணக்கு எது, கடிதம் எது என்று ஒரு நாள் உட்கார்ந்து பிரித்திருக்கலாம். பிரிக்கவில்லை. அக்கடிதத்தை வாசித்த பெண் எழுத்தறிந்தவர் என்பதற்கு அதுவே சான்றாக இருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது.

அண்மையில் காயல்பட்டினத்தில், என்னோடு ஓதிய நண்பரின் மனைவி வீட்டுக்குச் சென்றிருந்தேன். மூன்று சகோதரிகளுக்கு உரிய வீடு. இருவர் வெளியூரில், விற்கலாமா என்ற பேச்சு. அங்கும் பரணில் ஒரு மரப்பெட்டி இருந்தது. இம்முறை ஆறு என்ற பேச்சை எடுக்க நான் விடவில்லை. லுஹர் முதல் அஸர் வரை அமர்ந்து தாள்களைப் பிரித்தோம். வீட்டின் பத்திரங்கள் தனியே கிடைத்தன. தாயிடமிருந்து மகளுக்கு என நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர்களில் அவ்வீடு வந்திருக்கிறது. அந்தப் பெயர்களை நண்பரின் மாமியார் ஒவ்வொன்றாகச் சொல்ல, பேத்தி பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டாள். விற்பதைப் பற்றி, மற்ற இரு மகள்களும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊர் வந்த பிறகு பேசலாம் என்று அந்த அம்மா கூறிவிட்டார்.