புறப்புண்

பழிக்குரிய செயலைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பல உள. அவற்றுள் புறப்புண் என்பது தனித்தன்மை வாய்ந்தது. அது செயலைக் கூறாது, செயலால் உடலிற் பட்ட புண்ணைக் கூறுகிறது. புறம் என்பது ஈண்டு முதுகு. பகைவனை எதிர்த்து நின்றவனுக்கு மார்பிற் புண் படும். ஓடினவனுக்கே முதுகிற் படும் என்பது பண்டையோர் எண்ணம். ஆதலின் புண்ணைச் சொன்ன அளவிலே கோழைமையும் சொல்லப்பட்டதாயிற்று.

இதற்கு மறுதலையான சொல் விழுப்புண். இதிலுள்ள விழு, கீழே விழுதலைக் குறிப்பதன்று, சிறப்பைக் குறிப்பது. முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணே விழுப்புண் என்பது பரிமேலழகர் உரை. அத்தகைய புண் படாத நாள்களை வீரன் வீணாய்க் கழிந்தனவாக எண்ணுவான் என்கிறது திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம்.

இப்பழிக்கு வீரன் மட்டுமன்றி, அவனைப் பெற்றவளும் அஞ்சினாள். மகன் போரில் முதுகு காட்டினான் என்று கேட்ட முதியவள் ஒருத்தி, அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்து, வாளேந்திக் களம் புகுந்தாள். சிதைந்து கிடந்த மகன் உடலைக் கண்டபின், அவனைப் பெற்ற நாளினும் பெரிதும் மகிழ்ந்தாள். இதனைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார்.

ஆயின், ஓடாதவனுக்குப் புறப்புண் பட்டால் அதுவும் பழியாகுமா? இவ்வினாவை எழுப்பியது வெண்ணிப் போர். இன்று திருவாரூர் மாவட்டத்தில், நீடாமங்கலத்தை அடுத்துள்ள கோயில்வெண்ணியே அக்களம். அங்குக் கரிகால் வளவனுடன் பொருதான் சேரமான் பெருஞ்சேரலாதன். மார்பைக் குறித்து எறிந்த வேல் உடலை ஊடுருவி முதுகிலும் புண் செய்தது என அறிஞர் விளக்குவர். சேரன் ஓடினான் அல்லன். எனினும் அப்புண்ணைப் பிறர் காணுமாறு உயிர்வாழ அவன் உடன்படவில்லை. நாணி, வாளொடு வடக்கு நோக்கி இருந்து, உண்ணாது உயிர் துறந்தான்.

1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில், 65ஆம் பாடலில் கழாத்தலையார் அவனுக்காக இரங்குகிறார். 66ஆம் பாடலைப் பாடிய வெண்ணிக்குயத்தியாரோ வென்ற கரிகாலனையே நோக்கி, நின்னினும் அவன் நல்லன் அல்லனோ என்னும் கருத்துப்பட வினவுகிறார். அச்செய்தி கேட்ட சான்றோர் சிலர் தாமும் உயிர் நீத்தனர் என்பார், அகநானூற்றில் மாமூலனார்.

புறப்புண் பழிச்சொல்லே, அதன் பொருள் மாறவில்லை. ஆயின் பிறர் பழிக்குமுன் தானே நாணியவனிடத்து, அதுவே புகழுக்கு வாயிலாயிற்று. புண் கண்டு நாணாதவனே இச்சொல்லின் முழுப் பழிக்கும் உரியவன்.

இக்கால வழக்கில் முதுகிற் குத்துதல் என்பது நம்பிக்கைத் துரோகத்தைக் குறிக்கும். அதிற் பழி குத்தியவனுடையது. பண்டைய புறப்புண்ணிலோ புண்பட்டவனுடையது. 66ஆம் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், முதுகிற் பட்ட புண் எனப் பொருள் கூறி அமைதல் போதாது. இவ்வேறுபாட்டையும், சேரன் ஓடவில்லை என்பதையும் விளக்கினாலன்றி, அவன் ஏன் நாணினான் என்பதும், வென்றவனினும் தோற்றவன் ஏன் உயர்ந்தான் என்பதும் மாணவர்க்கு விளங்கா.