கீழ்ப்பாக்கத்துச் சீட்டு

போன மாதம் என் தம்பி மகள் விடுமுறைக்கு வானூர் வந்திருந்தாள். டாக்டருக்குப் படிக்கிறாள். மனநல மருத்துவப் பாடப் புத்தகம் ஒன்றைத் திண்ணையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "பெரியப்பா, யாராவது கொஞ்சம் மாத்திப் பேசினா 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு சொல்றாங்களே, அது எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்ப்பாக்கத்துக்கு நான் போயிருக்கிறேன். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கதை கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்குகிறது. 1794-ல் வாலண்டைன் கனோலி என்ற கம்பெனி டாக்டர், சென்னையில் 16 பேரை வைத்துப் பராமரிக்கும் ஒரு விடுதியைத் தொடங்கினார். அது தனியார் விடுதி. கம்பெனி அதற்குப் பணம் கொடுத்தது. அரசாங்கமே கட்டி நடத்தியது 1871-லிருந்து. கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்று பெயருள்ள 66 ஏக்கர் சொச்சம் இடத்தில் சுவர் எழுப்பி 145 பேரைக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றைய பெயர் 'லூனடிக் அசைலம்'. 1922-ல் 'மென்டல் ஹாஸ்பிடல்' ஆயிற்று. ஊர் ஜனங்களுக்கு அது என்றைக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான்.

சட்டமும் அந்தச் சுவரைப் போலவே இருந்தது. 1912-ல் வந்த லூனஸி சட்டம் 1990-கள் வரை நம்மை ஆண்டது. அதன்படி ஒருவரை உள்ளே அனுப்பப் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். நோயாளி என்பதைவிடக் காவலில் வைக்க வேண்டிய ஆள் என்பதுதான் அதன் எண்ணம். போலீஸ் ஜீப்பில் ஏறிப் போகிற இடத்தைப் பற்றி ஊரில் நல்ல பேச்சா இருக்கும்?

அதற்காக டாக்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் மருந்தே கிடையாது. இன்சுலின் கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்திப் பார்த்தார்கள். 1938-ல் இத்தாலியில் மின்சார சிகிச்சை வந்தது. சினிமாவில் காட்டுகிற அந்த ஷாக்தான். இன்றைக்கு அதை மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். சினிமாக்காரர்கள் மட்டும் இன்னும் பழைய காலத்தை விடவில்லை.

நம் நாட்டிலும் ஒரு மருந்து இருந்தது. சர்ப்பகந்தா வேர். 1931-ல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரண்டு டாக்டர்கள் அது ரத்தக்கொதிப்புக்கும் சித்தபிரமைக்கும் கேட்கிறது என்று எழுதினார்கள். உலகம் அதைக் கவனிக்க இருபது வருடம் ஆயிற்று. அதற்குள் 1952-ல் பாரிஸில் செயின்ட் ஆன் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிகர் என்ற இருவர் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள், பேசினார்கள். சில வருடங்களில் அது 'லார்காக்டில்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. 1952-ல் பக்கத்துப் பாண்டிச்சேரியிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. ஆனால் பாரிஸ் மருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வர இன்னும் இருபத்தோரு வருடம் ஆயிற்று.

எங்கள் வீடு என்றால் பெரியப்பா வீடு. அவர் மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சவுக்குத் தோப்பில் எனக்கு மரமேறக் கற்றுக்கொடுத்த அண்ணன். 1970-ல், இருபத்தோரு வயதில், சாப்பாட்டில் யாரோ மருந்து வைக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, இல்லாத யாருக்கோ பதில் சொல்வார். தம்பி மகள் புத்தகத்தில் இது அப்படியே இருக்கிறது: மனச்சிதைவு நோய், பெரும்பாலும் வாலிப வயதில் தொடங்கும், காதில் குரல் கேட்கும், காரணமில்லாத சந்தேகம் வரும். நூற்றில் ஒருவருக்கு வரக்கூடியது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படியானால் நம் தாலுகாவில் எத்தனை வீடு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அன்று புத்தகம் தெரியாது. திருவக்கரைக்குப் போனோம். மேல்மலையனூருக்கு அமாவாசை தவறாமல் மூன்று வருடம் போனோம். கோயிலை நான் குறை சொல்ல மாட்டேன். 2002-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில், தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். அடிக்காமல், கட்டாமல், குடும்பத்தார் கூடவே இருந்து சில வாரம் தங்கியதில் நோயின் கடுமை கணிசமாகக் குறைந்திருந்தது என்று கண்டார்கள். எங்கள் அண்ணனும் அமாவாசைக்கு அமாவாசை இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் இருப்பார். பிறகு பழையபடி.

1973-ல் திண்டிவனம் போய் பஸ் பிடித்து, பாரிமுனையில் இறங்கி, கீழ்ப்பாக்கம் போனோம். பெரியப்பா, நான், நடுவில் அண்ணன். போலீசும் இல்லை, மாஜிஸ்திரேட்டும் இல்லை. வெளிநோயாளிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. சீட்டு எழுதி, டாக்டர் பார்த்து, மாத்திரை கொடுத்து, வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். பெரியப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "உள்ள வெச்சிக்க மாட்டாங்களாடா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அப்போது அந்த ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டர் சாரதா மேனன். மங்களூரில் பிறந்து சென்னையில் படித்தவர். பெங்களூரில் மனநலப் பட்டயம் பெற்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1959-ல் கீழ்ப்பாக்கத்தில் சேர்ந்து 1978 வரை அங்கேயே இருந்தார். பூட்டி வைக்கும் இடத்தை வந்துபோகும் இடமாக மாற்றியதில் அவர் பங்கு பெரியது. ஓய்வு பெற்றபின் 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண். 2021 டிசம்பரில், 98 வயதில் காலமானார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் காலத்துச் சீட்டு ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

ஆறு வாரத்தில் குரல்கள் நின்றுவிட்டன என்று அண்ணனே சொன்னார். மல்லாட்டை பிடுங்கும்போது வயலுக்கு வந்தார். ஆனால் கை நடுங்கியது, வெயில் தோலைச் சுட்டது, உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தார். மூன்றும் அந்த மருந்தின் வழக்கமான பக்க விளைவுகள். களத்தில் பையன்கள் அவர் நடுக்கத்தை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். அப்போது நான் மருந்தாளுநர் படிப்பு முடித்த புதிது, வேலைகூடக் கிடைக்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு. அண்ணன் என்னிடம் வந்து, "தம்பி, இத இன்னும் எவ்ளோ நாளு சாப்டணும்?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "அதான் நல்லா ஆயிட்டீங்களேண்ணா, இனிமே எதுக்கு?"

இந்த வியாதியின் சூதே அங்கேதான் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தியதும் ஒன்றும் ஆகாது. நடுக்கம் போகும், முகம் தெளியும், நிறுத்தியது நல்லதுதான் என்று தோன்றும். வாரங்கள், சில பேருக்கு மாதங்கள் கழித்துத்தான் திரும்பும். அதற்குள் நிறுத்தியதையே மறந்திருப்போம். திரும்பி வந்தது வேறு எதனாலோ என்று நினைப்போம். எங்கள் வீட்டில் செய்வினை என்று நினைத்தார்கள். மறுபடி கீழ்ப்பாக்கம் போகப் பணமும் இல்லை, அறுவடை நேரம் வேறு. யாரோ சொல்லித் தெற்கே ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். எட்டு மாதம் கழித்துத் திரும்பியபோது கணுக்காலில் சங்கிலித் தழும்பு இருந்தது.

நான் 1974-ல் அரசு வேலைக்குப் போனேன். 35 வருடம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து கொடுத்தேன். மலேரியாவுக்கு, காசநோய்க்கு, குஷ்டத்துக்கு எல்லாம் என் அலமாரியில் மாத்திரை இருந்தது. லார்காக்டில் இல்லை. 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, கிராமத்திலேயே வைத்தியம் பார்க்கலாம் என்று செய்து காட்டினார்கள். அதை வைத்து 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் திருச்சி. மற்ற மாவட்டங்களுக்குப் பரவ வருடங்கள் பிடித்தன.

அண்ணன் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1986 ஆடி அமாவாசை, மேல்மலையனூர்க் கூட்டத்தில் பெரியப்பா கையை விட்டுப் போனவர்தான். செஞ்சி, திருவண்ணாமலை, விழுப்புரம் ரயிலடி என்று தேடாத இடமில்லை.

2001 ஆகஸ்ட் 6. உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் விடியற்காலையில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மறுநாள் பேப்பரில் வந்த பெயர்களை நான் பெட்டிக்கடையில் நின்றபடியே படித்தேன். ஒருமுறை அல்ல, நாலைந்து முறை. அண்ணன் பெயர் இல்லை. அடையாளம் தெரியாதவர்கள் என்று சிலரைப் போட்டிருந்தார்கள். பெரியம்மாவிடம் நான் அந்தப் பேப்பரைக் காட்டவில்லை.

அதன் பிறகு அந்த விடுதிகளை அரசு மூடியது. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை வெளிப்படையாகவே தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தாமல், மன அழுத்தத்தில் இருப்பவராகப் பார் என்கிறது. 1912-ஐ நினைத்துப் பார்த்தால் பெரிய தூரம்தான்.

தம்பி மகள் இன்னொன்று சொன்னாள். சென்னையில் 1981-லிருந்து 90 மனச்சிதைவு நோயாளிகளை, நோய் தொடங்கிய நாள்முதல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்களாம். பத்து வருட முடிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நல்ல நிலையில் இருந்தார்களாம். வேலைக்குப் போனவர்கள் உண்டு, கல்யாணம் ஆனவர்கள் உண்டு. நான் அதை எழுந்து நின்று கேட்டேன். அண்ணனுக்கு நோய் தொடங்கிய காலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் வித்தியாசம்.

"பெரியப்பா, முன்னெல்லாம் டாக்டர் படிப்புல இந்தப் பாடத்துக்கு ரெண்டே வாரம்தானாம், அதுலயும் பாதி பேர் வர மாட்டாங்களாம்" என்றாள். பிறகு, "நீங்க சொன்னது தப்புதான் பெரியப்பா. ஆனா இன்னைக்கும் டாக்டர்ங்க சில பேரே அப்படித்தான் சொல்றாங்க" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளோ என்னவோ.

அவள் கேட்டதால் தகரப் பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது. மருந்தின் பெயரை அவளே படித்துவிட்டாள். எத்தனை மில்லிகிராம் என்பதையும் படித்தாள். அதற்குக் கீழே அடுத்து வர வேண்டிய தேதியை நீல மையில் எழுதியிருந்தார்கள். "அன்னைக்குப் போனீங்களா?" என்று கேட்டாள்.

போகவில்லை.