பக்கத்துக் கடையின் பெயரை விளம்பரத்தில் போடலாமா?

தீபாவளியும் தைப்பொங்கலும் நெருங்கினால் எமது தபால்பெட்டிகள் கடைத் துண்டுப்பிரசுரங்களால் நிறைந்துவிடும். சிலவற்றில் அரிசி, மா விலைகளுக்கு நடுவே போட்டிக் கடையைக் குத்தும் வரி ஒன்றும் இருக்கும். "பெயர் போடவில்லைத்தானே, என்ன செய்ய ஏலும்?" என்றுதான் எம்மவர் பலர் நினைக்கிறோம். அது பிழை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுப் பணிப்புரையின்படி, போட்டியாளரை வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ அடையாளங் காட்டினாலே அது ஒப்பீட்டு விளம்பரம். 'சந்தியில் உள்ள பெரிய கடை' என்றெழுதி, வாசிப்பவருக்கு அது எந்தக் கடை என்று விளங்கினால் போதும்.

மறுபுறம், பெயர் போடுவதே குற்றம் என்றும் இல்லை. பிரான்ஸ் 1992இல் சட்டமியற்றி இதை அனுமதித்தது. யேர்மனிய நீதிமன்றங்கள் நீண்டகாலம் இதை நேர்மையற்ற போட்டியாகவே பார்த்தன. 1997இல் வந்த ஐரோப்பியப் பணிப்புரைக்குப் பின்னர்தான் நிலைமை மாறியது. இன்று கேள்வி, ஒப்பீடு உண்மையா, அதைச் சரிபார்க்க முடியுமா என்பதே.

பிரான்ஸின் வியர்சோன் நகரில் நடந்ததைப் பார்ப்போம். 2006 செப்டெம்பரில் அங்குள்ள லெக்லெர்க் கடை, 34 பொருட்களுக்கான இரண்டு பற்றுச்சீட்டுகளைப் பத்திரிகையில் வெளியிட்டது. தன்னிடம் 46.30 யூரோ, லிடிலில் 51.40 யூரோ. லிடில் வழக்குத் தொடர்ந்தது. 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம், உணவுப் பொருட்களின் விலையை ஒப்பிடலாம் என்றது. ஆனால் தனக்குச் சாதகமான பொருட்களை மட்டும் பொறுக்கியெடுத்து, கடை முழுவதுமே மலிவு என்ற எண்ணத்தை உண்டாக்கினால் அது ஏமாற்றாகலாம். எந்தப் பொருட்கள் ஒப்பிடப்பட்டன என்பதையும் வாசகர் அந்த விளம்பரத்திலிருந்தே அறியக்கூடியதாக இருக்க வேண்டும். எமது துண்டுப்பிரசுரங்களில் அடிக்கடி காணும் 'எல்லாமே அவர்களைவிட மலிவு' என்ற வரி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கடையின் அளவும் கவனிக்கப்படும். கார்ஃபூர் தனது பெரிய அங்காடிகளின் விலையை இன்டர்மார்ஷேயின் சிறிய கடைகளின் விலையோடு ஒப்பிட்ட வழக்கில், அத்தகைய வேறுபாட்டை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என 2017இல் தீர்ப்பானது.

வாசனைத் திரவியம் விற்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. இன்ன பிரபல வாசனையின் நகல் இது என்று பட்டியல் போட்டு விற்கவே கூடாது என்பதை 2009இல் லொரெயால் வழக்கு உறுதிப்படுத்தியது. அதே மணம் வரும்படி தயாரிப்பது சட்டபூர்வமானதாக இருந்தாலும்கூட. போட்டியாளரை இழிவுபடுத்துவதும் தடை. 'அங்கே பழைய கருவாடுதான்' என்பது விலை ஒப்பீடே அல்ல.

பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகினாலும் 2008ஆம் ஆண்டு விதிகள் ஏறத்தாழ இதே நிபந்தனைகளைத் தொடர்கின்றன. சுவிஸில் பிழையான, ஏமாற்றும், தேவையின்றிப் புண்படுத்தும் ஒப்பீடு நேர்மையற்ற போட்டியாகும். கனடாவில் மற்றவரின் பதிவுசெய்த வணிகக் குறியை அதன் நன்மதிப்புக் குறையும் விதமாகப் பயன்படுத்துவது வழக்காகலாம்.

ஐரோப்பிய நாடுகளில் வழக்கு வந்தால், விளம்பரத்தில் சொன்னதை நிரூபிக்கும்படி நீதிமன்றம் விளம்பரம் போட்டவரையே கேட்கலாம். ஆதாரம் இல்லையென்றால் சொன்னது பிழை என்றே கொள்ளலாம். ஆகவே பெயர் போட்டே தீருவோம் என்பவர்கள், அதே பொருளை, அதே நிறையில், அதே நாளில் இரு கடைகளிலும் வாங்கிய பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். விலை மாறியதும் அந்தப் பிரசுரத்தை விநியோகிப்பதை நிறுத்துங்கள். அச்சுக்குக் கொடுக்கமுன் உங்கள் நாட்டுச் சட்டத்தரணி ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.